நள்ளிரவு வியர்வை: இனிப்பு இறங்குவதா, மாதவிடாய் நிற்கும் பருவமா?

செம்பனைத்தோட்டத்து மகள்
ஞாயிறு, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன், வயது 49. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருந்துகொண்டு, செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து மெட்ஃபோர்மின், கிளிக்லசைடு என இரண்டு மாத்திரைகளை எடுத்து வருகிறேன்.

கடந்த ஓராண்டாக என் மாதவிடாய் ஒழுங்கில் இல்லை. ஒரு முறை 20 நாளில் வருகிறது. அடுத்தது இரண்டரை மாதம் கழித்து வருகிறது. அதே காலத்தில்தான் நள்ளிரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்த்து, நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருவதும் தொடங்கியது. முதல் முறை அப்படி நேர்ந்தபோது என் மாமியார் பயந்துபோய், "இனிப்பு இறங்கிப் போச்சு" என்று சொல்லி, கெட்டிப்பால் ஊற்றி மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து வியர்க்கும் ஒவ்வோர் இரவும் மைலோ குடிக்கிறேன். வாரத்தில் நான்கைந்து இரவாவது அப்படி ஆகிவிடுகிறது.

மூன்று மாதச் சராசரி இனிப்பைக் காட்டும் என் எச்பிஏ1சி சென்ற ஆண்டு 7.1 ஆக இருந்தது, இப்போது 8.7 ஆகியிருக்கிறது. எடை இரண்டு கிலோதான் கூடியது. ஆனால் இடுப்பளவு 84 சென்டிமீட்டரிலிருந்து 91 ஆகிவிட்டது. மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டு, மாலையில் எடுக்கும் கிளிக்லசைடை 80 மில்லிகிராமிலிருந்து 160 ஆக உயர்த்தினார். அவர் என் மகன் வயது இளைஞர். அவரிடம் மாதவிடாயைப் பற்றி வாய் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்பு வேறோர் இடத்தில் துணிந்து சொன்னபோது, "வயதானால் அப்படித்தான்" என்ற ஒரே வார்த்தையோடு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வியர்வை எதனால் வருகிறது? 52 வயது வரை பால்மரம் வெட்டிய என் அம்மா இப்படி அவதிப்பட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு மட்டும் ஏன்?


ஓய்வுபெற்ற தாதி
ஞாயிறு, இரவு 11.15

தங்கைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்லை. அதை உங்கள் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அதுவும் சீக்கிரம் செய்ய வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் வியர்வைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுமே உங்களுக்குப் பொருந்துகின்றன. ஒன்று, மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தின் வெப்ப அலை. மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதால், சிறிய வெப்பத்தையும் பெரிய வெப்பமாக எடுத்துக்கொண்டு இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. பெரும்பாலும் மார்பில் தொடங்கிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். அதன் பிறகு குளிர் நடுக்கம்கூட வரலாம். மற்றொன்று, இரத்தத்தில் இனிப்பு தாழ்ந்துபோவது. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு அது அரிது. கிளிக்லசைடு அப்படிப்பட்ட மருந்து அன்று. நீங்கள் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாலையில் அதை விழுங்கிவிட்டு இரவு உணவைக் குறைத்தால், விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு இனிப்பு தாழலாம். அப்போதும் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். கை நடுக்கமும் பசியும் தடுமாற்றமும் சேர்ந்து வரலாம்.

வெறும் உணர்வை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய எவராலும் முடியாது. அனுபவமுள்ள தாதியர்களே ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன். மைலோ குடித்து ஐந்து நிமிடத்தில் சரியானது என்றீர்கள். வெப்ப அலையாக இருந்திருந்தால், பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் அதே ஐந்து நிமிடத்தில் அது அடங்கியிருக்கும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. நீங்கள் இரவில் மைலோ குடிப்பது மருத்துவருக்குத் தெரியாது. அவர் 8.7 என்ற எண்ணைப் பார்த்து மாத்திரையை உயர்த்தினார். அந்த உயர்வில் ஒரு பங்கு உங்கள் நள்ளிரவுக் குவளைகளிலிருந்து வந்ததாக இருக்கலாம். அப்படியானால், நீங்கள் மைலோவை நிறுத்தும் முதல் வாரத்திலேயே, உயர்த்திய மாத்திரை உங்கள் இனிப்பை உண்மையாகவே கீழே இழுத்துவிடலாம். ஆகவே மைலோவை நாளைக்கே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து எழுந்ததும் முதலில் விரலைத் துடைத்துக் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். மைலோவும் கெட்டிப்பாலும் அவசரத்துக்கு ஏற்றவை அல்ல. அவற்றில் உள்ள கொழுப்பும் புரதமும் சீனி இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். 4க்கு மேல் இருந்தால் எதையும் குடிக்க வேண்டாம். சன்னலைத் திறந்து, ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சற்றுநேரம் உட்காருங்கள். நேரம், அளவு, அன்றிரவு உண்டது, மாதவிடாய் தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டே வாரத்து நோட்டு போதும், மருத்துவர் வேறு மாதிரி பேசுவார்.

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்குப் பிறகு வருகிறேன். அது என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் விஷயம்.


பாகான் செராய் ஆசிரியை
திங்கள், காலை 6.20

ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். எனக்கு 47 வயதில் இரவு வியர்வை வந்தபோது, வீட்டில் எல்லாரும் "அந்த வயதுதான்" என்று முடிவு கட்டினார்கள். எடை ஆறு கிலோ குறைந்த பிறகுதான் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. எடை இறங்கினாலோ, மாலைக் காய்ச்சலோ விடாத இருமலோ சேர்ந்திருந்தாலோ, காசநோய் உட்பட மற்றவற்றையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எல்லா வியர்வையையும் கருப்பையின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.


தைப்பிங் மருந்தாளர்
திங்கள், பிற்பகல் 1.05

தாதி அம்மா எழுதியதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. இடுப்பளவைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சகோதரி எழுதிய எண்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த 91தான்.

எடை இரண்டு கிலோதான் கூடியது, இடுப்பு மட்டும் ஏன் இவ்வளவு பெருத்தது என்று பல பெண்கள் மருந்தகத்தில் என்னிடம் கேட்பதுண்டு. நடுவயதில் எடை கூடுவதற்கு வயதும் உழைப்புக் குறைவும்தான் பெரிய காரணங்கள். கொழுப்பு இடம் மாறுவதற்குத்தான் ஹார்மோன் காரணம். ஈஸ்ட்ரோஜன் நிறைந்திருந்த காலத்தில் தொடையிலும் பிட்டத்திலும் சேர்ந்த கொழுப்பு, அது குறையும்போது வயிற்றுக்குள்ளே, ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரல் இன்சுலினுக்குக் கட்டுப்படுவதைக் குறைத்துக்கொண்டு, நாம் உறங்கும்போதும் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு ஒன்றும் உண்ணாமல் படுத்தவருக்குக்கூடக் காலையில் இனிப்பு ஏறியிருப்பது இதனால்தான். அதற்கு மேல், வெப்ப அலை கெடுத்த தூக்கமும் மறுநாள் இன்சுலினின் வேலையை இன்னும் மந்தமாக்கும், பசியையும் கூட்டும்.

இதே ஆண்டுகளில் கெட்ட கொழுப்பும் ஏறுகிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிப் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு, கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் எல்டிஎல் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்வதைக் காட்டியது. எலும்பு வலு வேகமாகக் குறையத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். வியர்வையும் எரிச்சலும் தூங்கவிடாமல் தொல்லை செய்வதால் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். கொழுப்பும் இரத்த அழுத்தமும் எந்த வலியும் தராமல் ஏறுவதால் அவற்றை மறந்துவிடுகிறோம்.

நம் இனத்துக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதனால் மேல்நாட்டு அளவுகோலை நாம் பயன்படுத்தக்கூடாது. ஆசியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை. உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டால் எடை அதிகம், 27.5ஐத் தொட்டால் உடற்பருமன் என்று மலேசிய வழிகாட்டி வகுத்திருக்கிறது. எச்பிஏ1சியைப் பொறுத்தவரை, பல நாடுகள் 6.5 என்று வைத்திருக்கும் இனிப்புநீர் எல்லையை நம் நாட்டு வழிகாட்டி 6.3 என்று வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் இனிப்புநீர் வந்தவர்களும், சினைப்பை நீர்க்கட்டி இருந்தவர்களும் இந்தப் பருவத்தில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.


மூன்று பிள்ளைகளின் அம்மா
திங்கள், இரவு 8.30

எனக்கு 46 வயது. இதுவரை எந்த நோயும் இல்லை. மாதவிடாய் மட்டும் இப்போது தள்ளித் தள்ளி வருகிறது. ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் ஹார்மோன் பரிசோதனைக்கு 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்கிறார்கள். செய்துகொள்ள வேண்டுமா?


தைப்பிங் மருந்தாளர்
திங்கள், இரவு 9.10

45 வயதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிடாய் மாற்றமும் வெப்ப அலையும் இருந்தாலே போதும். பருவத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. எஃப்எஸ்எச் என்னும் ஹார்மோன் இந்தக் காலத்தில் இந்த வாரம் ஒன்றாகவும் அடுத்த வாரம் வேறாகவும் இருக்கும். ஒரு நாள் அளவு எதையும் உறுதி செய்யாது. 40 வயதுக்கு முன்பே நின்றுபோனவர்களின் கதை வேறு. அவர்கள் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையானவை இரத்த அழுத்தம், வெறும் வயிற்று இனிப்பு, எச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை ஆகியவைதான். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். குறைந்த வருமானக் குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவராக இருந்தால், பெக்கா பி40 திட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். வேலைக்குப் போய் பெர்கேசோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுபவர்களுக்கும் 40 வயதுக்குப் பின் இலவசப் பரிசோதனை உண்டு. நம் பட்டணங்களில் இவற்றைக் கேட்டுப் பெறாதவர்களே மிகுதி என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இன்னொன்று: தள்ளிப்போகிறது என்பதற்காகக் கருத்தரிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு, 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டும், அதற்குக் குறைந்தவர்கள் இரண்டாண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும்.


லயத்து வீட்டுப் பேத்தி
செவ்வாய், மாலை 5.45

எல்லாரும் சொல்வதைக் கவனமாகப் படித்தேன். ஆயினும் என் மனத்தில் இருப்பதை எழுதத்தான் வேண்டும். நம் பாட்டிகளும் அம்மாக்களும் மாத்திரை, மீட்டர் எதுவும் இல்லாமல் இந்தப் பருவத்தைக் கடந்தார்கள். இது இயற்கை. இயற்கையான ஒன்றை நாமே நோயாக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. என் அத்தை இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு ஜாமு மூலிகைப் பொடியைத்தான் மூன்று மாதம் சாப்பிட்டார். வலியும் களைப்பும் பறந்துவிட்டன, நன்றாகப் பசிக்கிறது, தூக்கமும் வந்துவிட்டது. சோற்றுக்கற்றாழையும் வெந்தயமும் நம் கொல்லையிலேயே இருக்கும்போது ஏன் மருந்தகத்துக்கு ஓட வேண்டும்?


ஓய்வுபெற்ற தாதி
செவ்வாய், இரவு 10.00

பேத்தியின் கேள்வியும் தொடக்கத்தில் தங்கை கேட்டதும் ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

நான் தாதியாகச் சேர்ந்த புதிதில் தோட்டத்து மருந்தகங்களுக்கும் போவதுண்டு. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள் வந்து நிற்பார்கள். "உடம்பு எரியுதும்மா", "நெஞ்சு அடைக்குதும்மா", "ராத்திரி தூக்கமில்லம்மா" என்பார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஐயா சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார். மாதவிடாய் நின்றுவிட்டதா என்று ஓர் ஆண் கேட்க முடியாது. அந்தப் பெண்ணும் தானாகச் சொல்லமாட்டாள். ஆகவே அவர்களுக்கு இந்த அவதி இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. அவர்களுக்கு எல்லாம் இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் இடமில்லை.

ஆனால் ஒன்று அவர்களிடம் இருந்தது, நம்மிடம் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மேட்டிலும் பள்ளத்திலுமாக நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்து நிமிர்ந்து பால் வெட்டி, பிறகு நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். அந்தத் தொடையும் முதுகும் தினமும் சோற்றிலுள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழித்தன. வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்று நாம் அதே அளவு சோற்றை உண்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறோம். தசை வற்றுகிறது, சர்க்கரைக்குப் போக இடமில்லாமல் போகிறது. அந்த உழைப்பை நான் புகழவில்லை. அது அவர்களின் முட்டியையும் முதுகையும் முறித்தது. அதிலிருந்த பயனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்துப் பத்தாக எழுந்து உட்காருங்கள். சுவரில் கையூன்றித் தள்ளுங்கள். இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தை இரு கைகளிலும் தூக்கி இறக்குங்கள். பழகப் பழக ஐந்து கிலோவாக்குங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் வீட்டு வாசலிலேயே நடங்கள். கிளிக்லசைடு எடுப்பவர்கள் புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது முன்னும் பின்னும் இனிப்பைப் பார்க்க வேண்டும்.

ஜாமுவைப் பற்றி மருந்தாளர்தான் சொல்ல வேண்டும். அத்தைக்கு முகம் உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பேத்தி.


தைப்பிங் மருந்தாளர்
செவ்வாய், இரவு 10.40

வலி பறந்தது, நன்றாகப் பசிக்கிறது என்று படித்ததும் எனக்கும் அதே கவலை வந்தது. பதிவில்லாத சில பொடிகளிலும் காப்பிகளிலும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியைப் போக்கும், பசியைத் தூண்டும், முகத்தை உப்பவைக்கும். கூடவே இரத்த இனிப்பை உயர்த்தும், எலும்பைக் கரைக்கும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் எவை இரண்டும் கெடக்கூடாதோ அவை இரண்டையும் கெடுக்கும். பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அத்தையை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதக்கணக்கில் உண்டதைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் உடல் தன் சொந்தச் சுரப்பை அதற்குள் குறைத்துக்கொண்டிருக்கும்.

வெந்தயம் உணவாக நல்லதே. சோயாவில் செய்த தெம்பேயும் தவுவும் நல்ல புரதம். ஆனால் சோயா வெப்ப அலையைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.


ஒரு கணவர்
புதன், இரவு 9.25

பெண்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு 51 வயது. ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடக் கேட்கிறார். மருத்துவர் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிச் சொன்னபோது, புற்றுநோய் வரும் என்று பயந்து மறுத்துவிட்டார். அவரை வற்புறுத்த எனக்கு விருப்பமில்லை. அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


தைப்பிங் மருந்தாளர்
புதன், இரவு 11.30

ஐயா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. அமெரிக்காவின் பெண்கள் நல முன்னெடுப்பு ஆய்வில், ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த பிரிவை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்த ஆய்வின் எண்களைப் பாருங்கள்: மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. அதாவது பத்தாயிரத்தில் எட்டுப் பேர் கூடுதல். அந்த எட்டுப் பேரை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும், பலருக்கு மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் அன்றைய செய்திகள் அழுத்திச் சொல்லவில்லை.

இன்று மருத்துவ அமைப்புகள் பொதுவாக ஏற்றுக்கொள்வது இது: 60 வயதுக்குக் குறைந்து, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருந்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவு வெப்ப அலை இருப்பவருக்கு, தடை எதுவும் இல்லாவிட்டால், சிகிச்சையின் நன்மை அதன் தீமையைவிடப் பெரும்பாலும் கூடுதல். கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுக்கவே கூடாது. கருப்பையின் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து கூடவே வேண்டும். தோலில் பூசும் களிம்பாகவோ ஒட்டும் பட்டையாகவோ எடுத்தால் இரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. எடை மிகுந்தவர்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் அதை விரும்புவது இதனால்தான். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்த உறைவு, கடுமையான ஈரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் இந்த வழி பொதுவாக மூடப்படும். அப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. ஹார்மோன் எடுத்தால் இனிப்பு சற்றுக் கட்டுப்படலாம். ஆனால் அதற்காக மட்டும் யாரும் அதைக் கொடுப்பதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசமோ மாரியம்மன் கோயில் திருவிழாவோ நெருங்கும்போது, மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெத்திஸ்டெரோன் மாத்திரையைக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். ஒழுங்காக வருபவருக்கே அது நாள் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. தேதியே தெரியாத பருவத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. கவனிக்க வேண்டிய இரத்தப்போக்கையும் அது மறைத்துவிடலாம். உயர்ந்த அளவில் அது உடலில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் இரத்த உறைவு அபாயமும் உண்டு. போன ஆண்டு தோழி சாப்பிட்டதில் மிச்சம் என்று யாரும் வாங்கி விழுங்க வேண்டாம். மாதவிடாய் முழுமையாக ஓராண்டு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், அது திரும்பி வந்த மாதவிடாய் அல்ல. உடனே சோதிக்க வேண்டும். உடற்பருமனும் இனிப்புநீரும் உள்ளவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் அபாயம் கூடுதல்.


காலைக்கடை அக்கா
வியாழன், பிற்பகல் 3.15

இருபது ஆண்டாகப் பட்டணத்தில் பசியாறும் கடை நடத்துகிறேன், எனக்கும் இனிப்புநீர். சாப்பாட்டைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்று எழுதுகிறேன். சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டு நம் சாப்பாட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் சோறு தட்டை நிரப்பிவிடுகிறது. உருளைக்கிழங்குப் பிரட்டலையும் காய்கறிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

நான் செய்த மாற்றம் சிறியது. காலையில் மூன்று தோசைக்குப் பதில் ஒரு தோசை, இரண்டு அவித்த முட்டை. தேத்தாரிக் தேநீரில் கெட்டிப்பாலை விட்டுவிட்டுப் பசும்பால். மதியம் முதலில் முருங்கைக்கீரையோ சாயோர் மானிஸ் கீரையோ, பிறகு மீன், கடைசியில் சோறு. எலும்புக்கு நெத்திலியும் முள்ளோடு மென்று தின்னும் டின் சார்டினும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்த என் தோழிக்கு வயிறு அப்படியே இருந்து கையும் காலும்தான் இளைத்தன. புரதம் இல்லாமல் குறைத்தால் போவது தசைதான் என்று உணவியல் அதிகாரி எனக்கு விளக்கினார்.


செம்பனைத்தோட்டத்து மகள்
மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. நோட்டோடு வந்திருக்கிறேன்.

இந்த 21 நாளில் 14 இரவுகள் வியர்த்து எழுந்தேன். அவற்றில் 12 இரவுகளில் இனிப்பு 7.2க்கும் 11.6க்கும் இடையில் இருந்தது. மற்ற இரண்டு இரவுகளில் 3.6, 3.4. அந்த இரண்டும் வெள்ளிக்கிழமைகள். விரதமென்று இரவில் இரண்டு வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையை வழக்கம்போல 160 விழுங்கியிருந்தேன். தாதி அக்கா முன்கூட்டியே சொல்லியிராவிட்டால், முதல் ஒரு வாரம் 8, 9 என்று பார்த்த தைரியத்தில் அந்த இரவுகளில் பார்க்காமலே படுத்திருப்பேன்.

முதல் வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே போயிருக்க வேண்டும். இரண்டாவது வெள்ளிக்குப் பிறகுதான் போனேன். அதே இளைய மருத்துவர்தான். மாதவிடாய், வியர்வை, மைலோ, விரதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நோட்டோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். வாயால் சொல்ல வராததைக் கையால் எழுதிவிட முடிந்தது. அவர் முழுவதையும் படித்துவிட்டு, இதை முன்பே கேட்டிருக்க வேண்டியது நான்தான் என்றார். மாலை மாத்திரையை மறுபடியும் 80 ஆக்கினார். இரவு உணவு இல்லாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதித் தந்தார். கொழுப்பும் தைராய்டும் சோதிக்க இரத்தம் எடுத்தார். வெப்ப அலைக்கு என்ன சிகிச்சை ஏற்றது என்று முடிவு செய்ய, ஈப்போ மருத்துவமனையின் பெண்கள் நலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துத் தேதி.

அம்மாவிடமும் கேட்டேன். அவருக்கு இப்போது 76 வயது. நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "நடுச்சாமத்துல எழுந்து போயி குழாயடியில தலையில தண்ணி ஊத்திக்குவேன்" என்றார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, காத்து கருப்பு அடித்துவிட்டதென்று பூசாரியிடம் அழைத்துப் போய் மந்திரித்தாராம். நான் அப்போது ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அதே வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி. பரிசோதனைக் கீற்றுகள் விலை அதிகம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பார்த்தால் போதுமா? மீதமுள்ள கீற்றுகளைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாமா?


ஓய்வுபெற்ற தாதி
ஞாயிறு, இரவு 9.40

மாத்திரையின் அளவு இப்போதுதான் மாறியிருக்கிறது, தங்கை. ஆகவே இன்னும் இரண்டு வாரத்துக்கு வியர்க்கும் ஒவ்வோர் இரவும் பாருங்கள். அதன் பிறகு எந்த நாட்களில் பார்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். கீற்றுகளைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுக்கும்போது ஈரம் படிந்து அளவு தவறாகக் காட்டலாம். அவை வந்த புட்டியிலேயே இறுக மூடி, அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள். புட்டியைத் திறந்த தேதியை மூடியின் மேல் எழுதிவிடுங்கள்.